வீட்டுல அவசர சாமானும் துப்பாக்கியும் வெளிய தெரியாம வைக்கிறது: டெக்சாஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் வீடு வாங்கின நம்ம ஆளுங்க ஒவ்வொரு புயல் சீசனுக்கும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல போட்டுருக்கேன். சட்ட விஷயம் எல்லாம் டெக்சாஸை வச்சு எழுதினது, வேற ஸ்டேட்ல இருக்கிறவங்க அதை அப்படியே எடுத்துக்காதீங்க.

இதெல்லாம் நிஜமாவே தேவையா, ஓவரா பயப்படுறோமா?

2021 பிப்ரவரி ஐஸ் புயலை அனுபவிச்சவங்க இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாங்க. டெக்சாஸ் கரண்ட் கிரிட் மத்த ஸ்டேட்டோட பெருசா இணையாம தனியா ஓடுற கிரிட், அதனால வெளியிலேர்ந்து கரண்ட் வாங்கிச் சமாளிக்கவும் வழியில்லாம 45 லட்சம் வீடுங்க இருட்டுல உறைஞ்சுது, அரசுக் கணக்குப்படியே 246 பேர் செத்துப்போனாங்க. பைப் வெடிச்சு, தண்ணி வந்தாலும் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு சொல்லிட்டாங்க, ஆனா கொதிக்க வைக்க கரண்ட் இல்ல. அப்புறம் 2024 ஜூலை 8 பெரில் புயல், அது வெறும் கேட்டகரி 1 தான், அதுக்கே ஹூஸ்டன் ஏரியாவுல 20 லட்சத்துக்கு மேல கனெக்‌ஷன் போச்சு, சில தெருவுல ஒரு வாரத்துக்கு மேல ஏசி கிடையாது, அதுவும் ஜூலை மாசம். 2017 ஹார்வி புயல்ல வெள்ளம் எப்படி வந்துச்சுன்னு சொல்லவே வேணாம். ஸோ உலகம் அழியப் போகுதுங்கிற கதை எல்லாம் விடுங்க, ரெண்டு வாரம் கரண்டும் தண்ணியும் கடையும் இல்லாம ஓட்ட முடியுமா, அவ்வளவுதான் கேள்வி.

சரி, அதை ஏன் மறைச்சு வைக்கணும்? யாருக்குத் தெரிஞ்சா என்ன?

அரிசி மூட்டையைத் திருட யாரும் வரமாட்டான், அது உண்மைதான். ஆனா நம்ம வீடுங்களுக்கு வேற ஒரு பிரச்சனை இருக்கு. நம்மாளு வீட்டுல தங்கம் இருக்கும்னு திருடனுக்கு நல்லாவே தெரியும். 2011லேர்ந்து 2014 வரைக்கும் ஒரு கும்பல் இந்திய, ஆசிய குடும்பங்களா லிஸ்ட் போட்டு ஜார்ஜியா, நியூயார்க், ஒஹையோ, மிச்சிகன், டெக்சாஸ்னு வீடு புகுந்து கட்டிப்போட்டுக் கொள்ளையடிச்சுது, அதுக்குத் தலைமை தாங்கின ஹூஸ்டன் பெண்ணுக்கு 2019ல 37 வருஷம் தண்டனை குடுத்தாங்க. தங்கம் தேடி வர்றவன் கையில உங்க துப்பாக்கி கிடைச்சா அது அடுத்த வீட்டுக்குப் போகும். ஜெனரேட்டர் இருக்குன்னு தெரிஞ்சா கரண்ட் போன ராத்திரியில அதுவும் போகும்.

அதனால வெளிய தெரியாம வைக்கிறதுன்னா போலீஸுக்கோ சட்டத்துக்கோ மறைக்கிறது இல்ல, ஊருக்கு விளம்பரம் பண்ணாம இருக்கிறது. சட்டப்படி வாங்கின பொருளைச் சத்தமில்லாம வச்சுக்கிறோம், அவ்வளவுதான்.

சாமான், துப்பாக்கி ரெண்டையும் ஒரே இடத்துல வைக்கலாமா?

கூடாது. பல பேர் கோட்டை விடுறது இங்கதான். அவசர சாமான் வீட்டுல இருக்கிற எல்லாருக்கும், ஊர்லேர்ந்து வந்திருக்கிற பாட்டிக்குக்கூட, இருட்டுல தடவிப் பாத்தாலும் கிடைக்கணும். துப்பாக்கி உங்க ஒருத்தரைத் தவிர, மிஞ்சிப்போனா ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் கிடைக்கக்கூடாது. ரெண்டும் நேர் எதிர் தேவை. ஒரே க்ளாசெட்ல ரெண்டையும் வச்சா டார்ச் லைட் தேடிப் போற எட்டு வயசுப் பையன் கையில வேற ஏதோ தட்டுப்படும். புயலுக்கு ஓட ரெடியா வச்சிருக்கிற பைக்குள்ள துப்பாக்கியைப் போட்டு வைக்கிறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்தப் பையை யார் வேணா தூக்குவாங்க.

தண்ணி எவ்வளவு வேணும், அதை எங்க ஒளிக்கிறது?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். குறைஞ்சது மூணு நாளுக்கு, முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு. நாலு பேர் வீட்டுக்கு மூணு நாளுன்னா 12 கேலன், ரெண்டு வாரம்னா 56 கேலன். கடையில 40 பாட்டில் கேஸ் விக்கிறான் பாருங்க, அது ஒண்ணு 5 கேலனுக்குக் கொஞ்சம் மேல. அப்ப மூணு நாளுக்கு மூணு கேஸ், ரெண்டு வாரத்துக்கு பதினோரு கேஸ். பதினோரு கேஸை பேன்ட்ரியில அடுக்கினா வர்றவன் எல்லாம் கேப்பான், என்ன கடை வைக்கப் போறீங்களான்னு. கட்டில் அடியில படுக்க வச்சா ஒரு கிங் சைஸ் கட்டிலுக்கே நிறைய கேஸ் போயிடும், பெட்ஷீட் தொங்கினா ஒண்ணும் தெரியாது. மாடிப்படிக்கு அடியில இருக்கிற க்ளாசெட் இதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும்.

கராஜ்ல வைக்காதீங்க, அந்தச் சூட்டுக்கும் பெட்ரோல் வாடைக்கும் பாட்டில் தண்ணி நாறிடும். 5 கேலன் கேன் நிரம்பினா 19 கிலோ, அதை அம்மா தூக்க முடியுமான்னு யோசிச்சு வாங்குங்க. நீங்களே குழாய்ல பிடிச்சு வச்ச தண்ணின்னா ஆறு மாசத்துக்கு ஒருதடவை மாத்துங்க.

எல்லாம் தீர்ந்துபோனா வாட்டர் ஹீட்டர் டேங்க்ல 40, 50 கேலன் நிக்குது, டேங்க் இல்லாத மாடல் வச்சிருக்கிறவங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. முதல்ல ஹீட்டரை ஆஃப் பண்ணி, ஆற விட்டு, அப்புறம் அடியில இருக்கிற குழாயைத் திறங்க. சந்தேகமான தண்ணின்னா வாசனை சேர்க்காத ப்ளீச், பாட்டில்ல 6 சதவீதம்னு போட்டிருந்தா கேலனுக்கு 8 சொட்டு, 8.25 சதவீதம்னா 6 சொட்டு, கலக்கி அரை மணி நேரம் விடணும். வெள்ளத் தண்ணி, கெமிக்கல் கலந்த தண்ணிக்கெல்லாம் இது வேலைக்காகாது.

சாப்பாட்டுக்கு அந்த 25 வருஷம் கெடாத பக்கெட் வாங்கணுமா?

வாங்கினா வாங்குங்க, ஆனா உங்க வீட்டுல அதை யாரும் தின்ன மாட்டாங்க. கஷ்டகாலத்துல வாய்க்குப் பிடிக்காததைத் தின்னுறது இன்னும் கஷ்டம். நம்ம சமையலறையே பாதி அவசர ஸ்டாக்தான், அதைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டாப் போதும். நாலு பேருக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசின்னு கணக்குப் போட்டா 20 பவுண்டு சோனா மசூரி பேக் ஒண்ணு ரெண்டு வாரம் வரும். ஒரு பேக் ஓடிட்டு இருக்கும்போது இன்னொண்ணு பிரிக்காம இருக்கணும், பழசை முதல்ல எடுக்கணும், அவ்வளவுதான் சிஸ்டம்.

ஆனா அரிசிக்குத் தண்ணியும் அடுப்பும் வேணும். அதனால முதல் மூணு நாளுக்கு அடுப்பே பத்த வைக்காம சாப்பிடுற சாமான் தனியா வச்சுக்கோங்க: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வேர்க்கடலை, பேரீச்சை, பிஸ்கெட், டின்ல வர்ற கொண்டைக்கடலை, ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாத பெட்டிப் பால், அப்புறம் எம்டிஆர் மாதிரி ரெடி டு ஈட் பாக்கெட். அந்தப் பாக்கெட் ஏற்கனவே வெந்ததுதான், சூடு பண்ணாமலே சாப்பிடலாம், ருசி சுமாராத்தான் இருக்கும். அவலை கெட்டி அவலா வாங்காதீங்க, மெல்லிசு அவல் அஞ்சு நிமிஷத்துல ஊறிடும், தண்ணியும் கம்மியா குடிக்கும்.

கரண்ட் போன உடனே ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பாக்காதீங்க. மூடியே இருந்தா 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் ரொம்பியிருந்தா 48 மணி நேரம், பாதி இருந்தா 24. இட்லி மாவு வச்சிருந்தா அன்னிக்கே ஊத்திடுங்க, ஜூலை மாசம் ஹூஸ்டன் சூட்டுல அது ராத்திரிக்குள்ள டப்பாவை விட்டு வெளிய வந்துடும்.

அரிசியில வண்டு வராம நீண்ட நாள் வைக்கணும், எப்படி?

நாலு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா முட்டை செத்துடும். வெளிய எடுத்து அறைச் சூட்டுக்கு வந்து, ஈரம் இல்லாம இருக்கான்னு பாத்துட்டு மைலார் கவர்ல (காத்து புகாத பளபள கவர்) போட்டு ஆக்ஸிஜன் அப்சார்பர் (உள்ள இருக்கிற ஆக்ஸிஜனை உறிஞ்சுற சின்ன பாக்கெட்) வச்சு சூடா இஸ்திரிப் பெட்டியால ஓரம் ஒட்டுங்க. வெள்ளை அரிசி இப்படி வருஷக்கணக்கா இருக்கும். கைக்குத்தல் அரிசி, கோதுமை மாவு, கடலைக்கு இது சரிப்படாது, அதுல எண்ணெய் இருக்கு, சிக்கு வாடை வந்துடும். ஈரப்பதம் இருக்கிற எதையும், வடகம் சரியா காயலைன்னா அதையும், அப்சார்பர் போட்டு மூடவே மூடாதீங்க, காத்து இல்லாத ஈரத்துல பாட்டுலிசம்ங்கிற நோயை உண்டாக்குற விஷம் வரும், ஆளையே முடிச்சுடும்.

ஆட்டிக்ல சாப்பாடு வேணாம். டெக்சாஸ் கோடையில அங்க 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகும்.

இவ்வளவு சாமானை விருந்தாளி கண்ணுல படாம எங்க வைக்கிறது?

நம்மகிட்ட ஒரு பெரிய வசதி இருக்கு, காலி சூட்கேஸ். ஊருக்குப் போய்வந்த 23 கிலோ பெட்டி வீட்டுக்கு ஆறு ஏழு க்ளாசெட்ல சும்மா நிக்குது. அதுல பருப்பு, அவல், பேட்டரி, மருந்து எல்லாம் போட்டு ஜிப்பை மூடிட்டா அது வெறும் சூட்கேஸ்தான், யாரும் திறக்க மாட்டாங்க, வீட்டை விட்டுக் கிளம்பணும்னாலும் சக்கரத்தோட இழுத்துட்டுப் போகலாம். ஒரு சின்ன சீட்டுல உள்ள என்ன இருக்கு, எப்ப கெடும்னு எழுதி உள்பக்க மூடியில ஒட்டிடுங்க.

இன்னொண்ணு, கொலு பெட்டி. "கொலு பொம்மை, உடையும், பாத்துத் தூக்கவும்"னு மார்க்கர்ல எழுதின அட்டைப்பெட்டியை இந்த நாட்டுல எந்தத் திருடனும் தொடமாட்டான், நம்ம வீட்டு ஆளுங்களும் செப்டம்பர் வரைக்கும் தொடமாட்டாங்க. தப்பித் தவறி உண்மையான கொலு பெட்டியோட கலந்துடாம ஒரு மூலையில ஒரு பச்சைப் புள்ளி வச்சுக்கோங்க.

மறைக்கிறதுல பாதி வேலை வெளியிலதான். ஜெனரேட்டர் வந்த அட்டைப்பெட்டியை அப்படியே குப்பை நாளன்னிக்கு வாசல்ல வைக்கிறதும், கராஜ் கதவை ஞாயித்துக்கிழமை முழுக்கத் திறந்து போட்டுட்டு கார் கழுவுறதும், புதுமனை புகுவிழாவுக்கு வந்த எழுபது பேரையும் மாஸ்டர் க்ளாசெட் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டுறதும், அதை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடுறதும் இருக்கே, இதுக்கு அப்புறம் எந்த ரகசிய அலமாரியும் பிரயோஜனம் இல்ல. அட்டையைக் கிழிச்சு உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி மடிச்சுப் போடுங்க.

எப்ப வாங்கினா நல்லது?

ஏப்ரல் கடைசியில டெக்சாஸ்ல அவசர சாமானுக்குன்னே ஒரு வீக்கெண்ட் சேல்ஸ் டாக்ஸ் கிடையாது. 3,000 டாலருக்குக் கம்மியான ஜெனரேட்டர், 75 டாலருக்குக் கம்மியான பேட்டரி பேக், டார்ப்பாலின் எல்லாம் அதுல வரும். புயல் பேரு வச்சதுக்கு அப்புறம் கடைக்குப் போனா தண்ணி கேஸ் இருக்காது.

ஜெனரேட்டரை கராஜ்ல வச்சு ஓட்டலாமா? கதவைத் திறந்துதான் வைப்பேன்.

வேண்டவே வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வந்துடும், வாடையும் இல்ல நிறமும் இல்ல, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க. 2021ல குளிருக்குப் பயந்து கராஜ்ல கார் ஓட விட்டும் வீட்டுக்குள்ள கரி அடுப்பு பத்த வச்சும் குடும்பத்தோட செத்திருக்காங்க. ஜெனரேட்டர் வீட்டுலேர்ந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராத மாதிரி இருக்கணும். திருட்டுக்குப் பயமா இருந்தா பின்பக்க வேலிக்குள்ள வச்சு தடியான சங்கிலி போடுங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு மாடியிலயும் வேணும். கேஸ் அடுப்பு வீட்டுல இருந்தா கரண்ட் இல்லாதப்ப பெரும்பாலும் தீக்குச்சியில பத்தும், சமைக்கலாம், ஆனா அதை வச்சு வீட்டைச் சூடு பண்ணாதீங்க. பெட்ரோல் கேன் வீட்டுக்குள்ள கூடாது, வெளிய ஷெட்லதான்.

மருந்து, பேப்பர்?

தினசரி மாத்திரை ரெண்டு வாரத்துக்குக் கூடுதலா கைவசம் வச்சுக்கோங்க. ஊர்லேர்ந்து வந்த அப்பா அம்மாவோட மாத்திரை பேரு இங்க வேற, அதனால உள்ள இருக்கிற மருந்துப் பேரோட ஒரு லிஸ்ட் வேணும். பெரும்பாலான இன்சுலின் வெளிய 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள கிட்டத்தட்ட 28 நாள் தாங்கும், டெக்சாஸ்ல கரண்ட் இல்லாத வீடு 86க்குள்ள நிக்காது, ஸோ சின்ன கூலர் ரெடியா இருக்கட்டும். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, ஐ-797 (விசா அப்ரூவல் பேப்பர்), பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு தண்ணி புகாத கவர்ல. பத்து, இருபது டாலர் நோட்டாக் கொஞ்சம் காசு, கரண்ட் இல்லாத கடையில கார்டு ஓடாது.

நான் எச்-1பில இருக்கேன். துப்பாக்கி வாங்கலாமா?

பெரும்பாலும் முடியாது. ஃபெடரல் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசாவுல வந்தவங்க, எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 எல்லாமே, துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, பல பேர் அதை வச்சுத்தான் வாங்குறாங்க. ஆனா ஆபீஸ் நண்பர் சொன்னார்னு பண்ணாதீங்க, விசா எதிர்காலம் முழுக்க அதுல தொங்குது, வக்கீலைக் கேட்டுட்டுப் பண்ணுங்க. ஐ-140 (கிரீன் கார்டுக்குக் கம்பெனி போடுற மனு) அப்ரூவ் ஆயிடுச்சுன்னா கிரீன் கார்டு கைக்கு வந்த மாதிரி ஆகாது. கடையில நிரப்புற ஃபார்ம் 4473ல பொய் சொன்னா ஜெயில் போற குற்றம். கிரீன் கார்டு இருக்கிறவங்க சட்டப்படி வாங்கலாம், ஆனா துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை வந்தா கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்தலாம்.

எனக்கு கிரீன் கார்டு வந்துடுச்சு, மனைவி இன்னும் எச்-4 (துணைக்குக் குடுக்குற விசா). அவங்களுக்கு சேஃப் நம்பர் குடுக்கலாமா?

குடுக்காதீங்க. கையில பிடிச்சாத்தான் வச்சிருக்கிறதுன்னு அர்த்தம் இல்ல, நினைச்சா எடுக்க முடியுற நிலையில இருந்தாலே அவங்க கைவசம் இருந்துச்சுன்னு கோர்ட்ல வாதிட முடியும். சாவியும் நம்பரும் உங்ககிட்ட மட்டும். அதே காரணத்துக்காக நகையும் துப்பாக்கியும் ஒரே சேஃப்ல இருக்கக்கூடாது, நகைக்கு அவங்க போயாகணும் இல்லையா, நகைக்குத் தனி சேஃப்.

அப்பா மிலிட்டரியில இருந்தவர், வேலூர் பக்கம் அப்படி நிறைய குடும்பம் இருக்கு, ஆறு மாசம் வந்திருக்கார், ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் ஒருதடவை சுட வைக்கலாமான்னு ஆசையா கேக்குறாங்க. அவர் பி-2ல வந்திருக்கார், அவர் முன்ன பண்ணின சர்வீஸ் இங்க கணக்குல வராது. வேணாம்.

சேஃப் எதுக்கு? புடவை பீரோ மேல, பிள்ளைங்களுக்கு எட்டாத உயரத்துல வச்சிருக்கேன், அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

தெரியும். 2006ல வந்த ஒரு ஆய்வுல, பிள்ளைங்களுக்கு இடம் தெரியாதுன்னு சொன்ன பெத்தவங்கள்ல 39 சதவீதம் பேரோட பிள்ளைங்க இடத்தைச் சரியாவே சொல்லிச்சு. என் பிள்ளை தொட்டதே இல்லைன்னு சொன்னவங்கள்ல 22 சதவீதம் பேரோட பிள்ளைங்க, நாங்க எடுத்திருக்கோமேன்னு சொல்லிட்டாங்க. தீபாவளி பாட்லக்குக்கு முப்பது பேர் வந்திருக்காங்கன்னு வைங்க, பெரியவங்க கீழ சாப்பிடுறாங்க, மேல பதினஞ்சு பிள்ளைங்க கண்ணாமூச்சி ஆடுது. அதுங்க ஒளியுற முதல் இடம் எது? உங்க மாஸ்டர் க்ளாசெட், தொங்குற புடவைக்குப் பின்னாடி. கண்ணாடிக்குப் பின்னாடி ரகசிய அறை, புத்தகம் மாதிரி டப்பா, கடிகாரத்துக்குள்ள பொந்துன்னு ஆன்லைன்ல அழகழகா விக்கிறாங்க, பூட்டு இல்லாத எதுலயும் துப்பாக்கியை வைக்காதீங்க. மறைக்கிறது திருடனோட நேரத்தைத் தின்னும், பிள்ளையை நிறுத்தாது, அதுக்குப் பூட்டுதான். 2020லேர்ந்து இந்த நாட்டுல 1 முதல் 19 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான்.

டெக்சாஸ் சட்டமும் அதைத்தான் சொல்லுது. 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கையில, நீங்க பூட்டாம விட்டதால, தோட்டா போட்ட துப்பாக்கி கிடைச்சாலே குற்றம், அது வெடிச்சு உயிர் போனாலோ பெரிய காயம் பட்டாலோ இன்னும் பெரிய குற்றம். குழாய்ல குண்டு ஏத்தலை, மேகஸின்ல (தோட்டா அடுக்கி உள்ள சொருகுற டப்பா) மட்டும்தான் இருந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. மாசச்சூசெட்ஸ்ல பிள்ளை இருந்தாலும் இல்லைன்னாலும் பூட்டியே ஆகணும்.

அப்ப எந்த மாதிரி சேஃப் வாங்கணும்?

ரெண்டு வகை. கட்டில் பக்கம் வைக்கிற சின்ன லாக்பாக்ஸ், பட்டன் அமுக்கினா உடனே திறக்கும், ஒரு கைத்துப்பாக்கிக்குப் போதும். அப்புறம் தரையில போல்ட் பண்ற பெரிய சேஃப். பெரியதுல யூஎல் ஆர்எஸ்சி ரேட்டிங் (உடைக்க எவ்வளவு நேரம் தாங்கும்னு டெஸ்ட் பண்ணிக் குடுக்குற முத்திரை) இருக்கான்னு பாருங்க, அதோட முதல் லெவல் டெஸ்ட்டே ஒரு ஆள் சாதாரண டூல்ஸ் வச்சு அஞ்சு நிமிஷம் உடைச்சுப் பாக்குறதுதான், அஞ்சு நிமிஷம்னா கம்மியாத் தோணும், ஆனா பல மலிவு சேஃப் அதுக்கே தாங்காது.

கைரேகை சேஃப் பத்தித் தனியா சொல்லணும். 2023 அக்டோபர்ல சுமார் 61,000 கைரேகை சேஃபைத் திரும்ப வாங்கினாங்க, விரல் பதிவு பண்ணிட்டோம்னு ஓனர் நினைச்சாலும் யார் விரல் வச்சாலும் திறந்துச்சு, ஒரு 12 வயசுப் பையன் உயிர் போச்சு. ஸோ கைரேகை மாடல் வாங்கினா முதல்ல காலியா வச்சு வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர் விரலையும், சின்னக் குழந்தையோடதையும், வச்சு வச்சுப் பாருங்க. எனக்குக் கேட்டா பட்டன் மாடலே மேல். நம்பர் கல்யாண நாளோ பிறந்தநாளோ வேணாம், ஐபேட் பாஸ்கோடைப் பின்னாலேர்ந்து பாத்தே கண்டுபிடிக்கிற பிள்ளைங்க இதுங்க. மாத்துச் சாவியை கிச்சன் டிராயர்ல போட்டா சேஃபே வாங்கியிருக்க வேண்டாம்.

கையில காசு இல்லைன்னா கேபிள் லாக்காவது (துப்பாக்கிக்குள்ள கோத்துப் பூட்டுற இரும்புக் கம்பி) போடுங்க. கைத்துப்பாக்கி விக்கிற லைசென்ஸ் டீலர் பூட்டு ஏதாவது ஒண்ணு குடுத்தே ஆகணும்னு 2005லேர்ந்து ஃபெடரல் சட்டம் இருக்கு, ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்ங்கிற பாதுகாப்புத் திட்டம் மூலமா போலீஸ் ஸ்டேஷன்கள்ல சும்மாவே குடுக்குறாங்க. போடுறதுக்கு முன்னாடி மேகஸினை எடுத்துட்டு ஸ்லைடை (துப்பாக்கியோட மேல்பக்கம் நகர்ற பாகம்) இழுத்து உள்ள கண்ணால பாக்கணும், விரல் விட்டும் தொட்டுப் பாக்கணும். மேகஸின் எடுத்தாச்சு, காலின்னு நினைச்சுக்கிறாங்க, குழாய்க்குள்ள ஒண்ணு நிக்கும், அந்த ஒண்ணுதான் ஆளைக் கொல்லுது. தோட்டா வேற பெட்டியில, வேற பூட்டுல.

தரையில போல்ட் பண்ண நானே டிரில் போட்டுக்கலாமா?

முதல்ல கராஜ் தரையைப் பாருங்க. டெக்சாஸ் வீடு நிறைய போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப், காங்கிரீட்டுக்குள்ள இழுத்துக் கட்டின இரும்புக் கேபிள் ஓடும். கராஜ் தரையில வெட்டாதே, துளை போடாதேன்னு முத்திரை அடிச்சிருப்பான், மேல கார் நிக்கிறதால யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. டிரில் அந்தக் கேபிள்ல பட்டு அறுந்தா ஆளுக்கும் ஆபத்து, ஃபவுண்டேஷனுக்கும் செலவு. கேபிள் எங்க ஓடுதுன்னு ஸ்கேன் பண்ணிப் போடுற ஆளைக் கூப்பிடுங்க, இல்ல சுவர் மரச்சட்டத்துல போல்ட் பண்ணுங்க. சேஃப் டெலிவரி ஆகுறப்ப வீட்டுக்குள்ள கொண்டுவந்து பிரிக்கச் சொல்லுங்க. உள்ள ஈரம் வாங்குற சிலிக்கா ஜெல் வைங்க, ஹூஸ்டன் புழுக்கத்துல துரு சீக்கிரம் பிடிக்கும். வெள்ளம் வர்ற ஏரியான்னா கீழ்த்தட்டுல எதுவும் வைக்காதீங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கேன், மேனேஜ்மென்ட் தடுக்க முடியுமா?

2019 செப்டம்பர்லேர்ந்து டெக்சாஸ்ல வாடகை வீட்டுக்காரங்க சட்டப்படி வச்சிருக்கிற துப்பாக்கியை லீஸ்ல தடை பண்ண முடியாது. ஆனா தரையில துளை போட விடமாட்டாங்க. லாக்பாக்ஸோட வர்ற ஸ்டீல் கேபிளைக் கட்டில் இரும்புச் சட்டத்துல சுத்திப் பூட்டுங்க. மெயின்டனன்ஸ் ஆளு வர்ற நாள்ல கண்ணுல படாம இருக்கட்டும். பால்கனியில ஜெனரேட்டர் ஓட்டாதீங்க.

கார்ல வச்சா பாதுகாப்பா?

இல்ல. திருட்டுப் போற துப்பாக்கியில பெரும்பகுதி கார்லேர்ந்துதான் போகுது.

இன்சூரன்ஸ் குடுக்குமா?

பல ஸ்டாண்டர்ட் பாலிசியில திருட்டுன்னா நகைக்கு மொத்தமே 1,500 டாலர், துப்பாக்கிக்கு 2,500 டாலர்னு வரம்பு. ஒரு வளையலுக்கே பத்தாது. நகைக்குத் தனியா ரைடர் (பாலிசியோட சேர்க்குற கூடுதல் கவரேஜ்) போடுங்க. துப்பாக்கியோட சீரியல் நம்பரை எழுதி, போட்டோ எடுத்து வீட்டுக்கு வெளிய எங்கயாவது வைங்க, டெக்சாஸ்ல அரசுப் பதிவேடு கிடையாது, திருடு போனா நம்பர் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்ல.

வீட்டுல ஒருத்தர் ரொம்ப மனசு உடைஞ்சு இருக்கார், வேலை போச்சு, பேசவே மாட்டேங்கிறார். துப்பாக்கி பூட்டித்தான் இருக்கு, போதுமா?

அவருக்கு நம்பர் தெரியும்னா போதாது. இந்த நாட்டுல துப்பாக்கிச் சாவுல பாதிக்கு மேல தற்கொலை. நம்ம வீடுகள்ல இதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு, ஊருக்குப் போன் பண்ணா அம்மா அழுவாங்கன்னு மூடி மூடி வைக்கிறோம், லே-ஆஃப் ஆகி விசாவுக்கு 60 நாள் எண்ணிட்டு இருக்கிறவங்க எத்தனை பேர். நம்பரை இன்னிக்கே மாத்துங்க. அதைவிட நல்லது, கொஞ்ச மாசத்துக்கு துப்பாக்கியையே வீட்டை விட்டு வெளிய எடுத்துடுறது. வைச்சிருக்க சட்டப்படி தகுதி உள்ள சொந்தக்காரர்கிட்டயோ, வச்சுக்க ஒத்துக்கிற டீலர்கிட்டயோ குடுக்கலாம். மனநெருக்கடி உதவி எண் 988க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், மெசேஜும் பண்ணலாம், அவர் பண்ணலைன்னா நீங்க பண்ணிக் கேக்கலாம்.

வெளியேறச் சொல்லிட்டாங்க, துப்பாக்கியை என்ன பண்றது?

ரெட் கிராஸ் முகாம்ல ஆயுதம் உள்ள விடமாட்டாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதா இருந்தா காலி பண்ணி, பூட்டின பெட்டியில, அவங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. லூசியானா பக்கம் போனா அந்த ஸ்டேட் சட்டம்தான். இல்லைன்னா சேஃப் மேல் தட்டுல பூட்டிட்டுக் கிளம்புங்க, சூட்கேஸ் சாமானுக்கு கார்ல இடம் வேணும்.

உங்க அபிப்பிராயம் என்ன, துப்பாக்கி வாங்கலாமா வேணாமா?

சின்னப் பிள்ளையோ டீனேஜரோ இருக்கிற வீட்டுல, ரேஞ்சுக்கு ஒழுங்காப் போய்ப் பழகப் போறதில்லைன்னா, வேணாம்னுதான் சொல்வேன். ஐஸ் புயல்ல ஆளைக் கொன்னது குளிரும் புகையும், திருடன் இல்ல. அந்தக் காசுக்கு நல்ல கதவுப் பூட்டு, வெளி லைட், அலாரம், நாலு கேஸ் தண்ணி வாங்கலாம். வாங்கித்தான் ஆவேன்னா சேஃபை முதல்ல வாங்குங்க.

டிசம்பர்ல ஊருக்குப் போறோம், ஆறு வாரம் வீடு பூட்டிக் கிடக்கும். ஏதாவது கவனிக்கணுமா?

தபால் ஆபீஸ்ல லெட்டரை 30 நாளுக்குத்தான் நிறுத்தி வைப்பாங்க, ஆறு வாரத்துக்குப் பத்தாது, அதனால லெட்டர் தேங்காம நண்பர் முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லுங்க, மெயின் தண்ணி வால்வை மூடுங்க, பிப்ரவரி வரைக்கும் இழுத்தா குளிர்ல பைப் வெடிச்சு ஸ்டாக் முழுக்க ஊறிடும். சேஃப் இருக்கிற இடம் வீட்டைப் பாத்துக்கிற நண்பருக்குத் தெரிய வேண்டாம்.

முக்கியமானது இது. ரேஞ்சுக்குத் தூக்கிட்டுப் போற பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீங்க. பக்கவாட்டு ஜிப்ல ஒரே ஒரு தோட்டா உருண்டு கிடந்து, சென்னை ஏர்போர்ட் ஸ்கேன்ல தெரிஞ்சா ஆயுதச் சட்டத்துல கேஸ், ஃப்ளைட் போயிடும், பாஸ்போர்ட் மாட்டும், கோர்ட்டுக்கு அலையணும். சிங்கப்பூர், துபாய் வழியாப் போனா அங்க இன்னும் கடுமை. பிள்ளைங்க ஸ்கூல் பை, பழைய ஜாக்கெட் பாக்கெட் எல்லாத்தையும் கவுத்துத் தட்டிப் பாத்துட்டு பேக் பண்ணுங்க. சூட்கேஸுக்காக அவசர சாமானை எல்லாம் வெளிய எடுப்பீங்க, அதை க்ளாசெட் தரையில கொட்டாம ரெண்டு கொலு பெட்டிக்கு மாத்திட்டுப் போங்க.